எட்டரை டன் கேட்ட மாடி, நாலு ஹெச்.பி.யில் முடிந்த கதை

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் முதல் மாடி. ஹாலும் சாப்பிடும் இடமும் சேர்ந்து 420 சதுர அடி. மேற்குப் பார்த்த பெரிய படுக்கையறை 180, மற்ற இரண்டு அறைகள் 140, 120. மொத்தம் 860 சதுர அடி, அதற்கு மேல் மொட்டை மாடி. சுவரில் பெட்டி தெரியக் கூடாது, மாடி முழுக்க சென்ட்ரல் ஏசி வேண்டும், பில் எகிறக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஜனவரியில் தொடங்கிய வேலை மார்ச் கடைசியில் முடிந்தது. ஏப்ரல், மே மாதங்களின் சப்-மீட்டர் கணக்கு கைக்கு வந்த பிறகு எழுதும் பதிவு இது. சரியாக வந்ததும் இருக்கிறது, பிரித்து மறுபடி செய்ததும் இருக்கிறது.

முதலில் வந்த கொட்டேஷன் எட்டரை டன் டக்டபிள் மெஷினுக்கு, அதாவது ஒரே மெஷினிலிருந்து தகட்டுக் குழாய் (டக்ட்) வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று அனுப்பும் வகை. கணக்கு எளிது: நூறு சதுர அடிக்கு ஒரு டன், 860-க்கு எட்டரை. கூரை என்ன, ஜன்னல் எந்தத் திசை, ராத்திரி எத்தனை அறை ஓடும் என்று அதில் எந்தக் கேள்வியும் இல்லை. இந்தக் கட்டைவிரல் கணக்கில் தேர்ந்தெடுத்த மெஷின் சென்னையில் இரண்டு வகையில் கெடுக்கும். ஒன்று காசு. இன்னொன்று பிசுபிசுப்பு. தேவைக்கு மேல் பெரிய மெஷின் பத்து நிமிஷத்தில் அறையை 24-க்கு இறக்கிவிட்டு நின்றுவிடும். காயில், அதாவது காற்று கடந்து குளிரும் குழாய்ச் சுருள், போதிய நேரம் குளிர்ந்து இருந்தால்தான் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக வடியும். நின்று நின்று ஓடினால் ஜில்லென்று இருக்கும், ஆனால் போர்வை ஈரமாகத் தோன்றும். உடனே ரிமோட்டில் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள். பில் அங்கேதான் ஏறுகிறது.

லோடு கணக்கு

டேப், லேசர் தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. வெளியே 38 டிகிரி, உள்ளே 25 டிகிரி 55 சதவீத ஈரம் என்று வைத்து, ஏசி வெளியேற்ற வேண்டிய சூட்டுக்கு (லோடு) போட்ட கணக்கு இது. எல்லாம் வாட்டில், மாலை உச்ச நேரத்துக்கு.

கூரை 80 சதுர மீட்டர். 150 மி.மீ. கான்கிரீட், மேலே சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த அடுக்கு), பாசி பிடித்துக் கறுத்த தட்டோடு. யூ மதிப்பு (ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கடக்கும் என்ற எண்) 2.6, வெயில் சூட்டையும் சேர்த்து 20 டிகிரி வித்தியாசம் என்று எடுத்தால் 4,160. மேற்கு ஜன்னல்கள் இரண்டு, சேர்த்து 48 சதுர அடி சாதா கண்ணாடி. சாயங்கால வெயில் நேராக விழும்போது 2,280. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 1,420. எல்லா ஜன்னல் கண்ணாடி வழியாகவும் கடத்தப்படும் சூடு 600. ஆறு பேருக்கு 780. விளக்கு, டிவி, ஃப்ரிட்ஜ் 1,200. ஏசி இல்லாத கீழ்த் தளத்திலிருந்தும் மாடிப்படிப் பக்கச் சுவரிலிருந்தும் 1,500. கதவு இடுக்கிலும் ஜன்னல் சந்திலும் நுழையும் வெளிக்காற்று, மணிக்கு அரைத் தடவை அறைக்காற்று மாறுகிறது என்று வைத்தால், 1,390. இந்தக் கடைசி எண்ணில் பாதிக்கு மேல் சூடே இல்லை, ஈரம். கோயம்புத்தூரில் இதே வீட்டைக் கட்டியிருந்தால் இந்த வரி சிறிதாகியிருக்கும்.

கூட்டினால் 13,330 வாட். ஒரு டன் என்பது 3,517 வாட். ஆக 3.8 டன். டக்டில் ஏறும் சூடு, ஃபேன் சூடு, பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைச் சாயங்காலம் இறக்குவதற்கான கூடுதல் எல்லாம் சேர்த்தாலும் ஐந்து டன். எட்டரை எங்கிருந்தும் வரவில்லை.

அந்த 3.8 டன்னில் கிட்டத்தட்ட பாதி கூரையும் மேற்கு ஜன்னலும்தான். அதனால் ஏசிக் கடைக்குப் போகும் முன் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

முதலில் மொட்டை மாடி

பழைய தட்டோட்டையும் சுருக்கியையும் கொத்தி எடுத்தாயிற்று. அதன் மேலேயே புது அடுக்கு போட்டால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் தளத்தில் கூடும். பழையதை எடுத்துவிட்டால் எடை ஏறாது. தளத்தைக் கழுவி, விரிசலை அடைத்து, வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட். அது காய்ந்ததும் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். போர்டு (சூட்டைத் தடுக்கும் கெட்டி ஃபோம் பலகை), சந்துகளுக்கு டேப், மேலே பாலித்தீன் ஷீட். கோழிவலை விரித்து 50 மி.மீ. ஸ்கிரீட் (சிமென்ட் மணல் பூச்சு), நூற்றுக்கு ஒன்று வாட்டம். கடைசியில் வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ்.

இங்கே ஒரு தவறு நடந்தது. ஸ்கிரீட் போடும்போது மணல் தள்ளுவண்டியை வெறும் போர்டின் மேல் ஓட்டிவிட்டார்கள், மூன்று போர்டு மூலை உடைந்தது. பலகை போட்டுத்தான் வண்டி ஓட்ட வேண்டும். உடைந்த போர்டை மாற்றாமல் ஸ்கிரீட் போட்டிருந்தால் அந்த இடத்தில் பின்னால் விரிசல் வந்திருக்கும்.

யூ மதிப்பு 0.5-க்கு வந்தது. வீடுகளுக்காக 2018-இல் வந்த மின்சிக்கன விதித்தொகுப்பு ஈகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2. அதோடு ஒப்பிட்டால் இது நல்ல எண். 4,160 வாட் என்ற வரி 480-க்கு இறங்கியது. ஏப்ரல் மாலை ஆறு மணிக்கு, ஏசி போடாமல், படுக்கையறை சீலிங்கில் லேசர் தெர்மாமீட்டர் காட்டியது 32.5. போன வருஷம் இதே நேரத்தில் 39.

மேற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு ஏற்கெனவே இருந்தது. நாலு மணிக்கு மேல் அது பயன்படாது, வெயில் கீழிறங்கி நேராக உள்ளே வரும். உள்பக்கத் திரையும் பெரிதாக உதவாது. கண்ணாடியைத் தாண்டிய சூடு வீட்டுக்குள் வந்தது வந்ததுதான். வெளிப்பக்கம் இறக்கும் ரோலர் பிளைண்டு போட்டதும் 2,280 என்பது சுமார் 760 ஆயிற்று. மூங்கில் தட்டி போட்டாலும் இதே வேலையைச் செய்யும், காசு கால்வாசிதான்.

புதுக் கூட்டல்: 8,130 வாட், அதாவது 2.3 டன். டக்ட் இழப்பு சேர்த்து ஒன்பது கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு.

மெஷின் தேர்வு: ராத்திரி இரண்டு மணிக் கேள்வி

வீட்டு ஸ்பிளிட் ஏசியில் ஸ்டார் ஸ்டிக்கர் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே கை ஒடிந்த மாதிரி இருக்கும். சென்ட்ரல் யூனிட் பெட்டியில் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கர் இருக்காது. இருந்தாலும் அதன் எல்லையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டாருக்கு அடிப்படையான ஐசீர் எண் (வருஷம் முழுக்கத் தரும் குளிர்ச்சியை எடுத்த மின்சாரத்தால் வகுத்தது), வெளி வெப்பம் 24-லிருந்து 43 டிகிரி வரை, வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போடப்படுவது. 2022 ஜூலையில் வந்த அட்டவணைப்படி ஸ்பிளிட்டில் ஐந்து ஸ்டாருக்கு ஐசீர் 5.0 வேண்டியிருந்தது. ஸ்டார் அட்டவணையை அவ்வப்போது இறுக்குவார்கள். ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் வருஷத்தைப் பார்க்காமல் இரண்டு மெஷினை ஒப்பிடக் கூடாது. முக்கியமான விஷயம், இன்வெர்ட்டர் மெஷினை இந்தக் கணக்குக்காக அளப்பது முழு லோடிலும் பாதி லோடிலும். வீட்டில் நடப்பது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஒரு படுக்கையறை ஓடும். அதற்குத் தேவை ஒரு கிலோவாட் குளிர்ச்சி. 11 கிலோவாட் மெஷினுக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் மூன்று யோசனைகளையும் அந்த ஒரு கேள்வியால் சலித்தோம்.

கொட்டேஷனில் வந்த எட்டரை டன் டக்டபிள், ஃபிக்ஸட் ஸ்பீடு. ஓடும்போது பத்து கிலோவாட் அளவுக்கு இழுக்கும், தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று, அதுவும் ஹாலில். ஒரு அறையில் தூங்க முழு மாடியையும் குளிர்விக்க வேண்டும். அறைக்கு அறை டாம்பர் (டக்டை மூடும் தகட்டுக் கதவு) வைத்து மூடினால் மிச்சக் காற்று போக வழியில்லாமல் காயில் ஐஸ் பிடிக்கும். இது அன்றே விலக்கப்பட்டது.

அடுத்தது, ஹாலுக்கு இரண்டு டன் இன்வெர்ட்டர் டக்டபிள், மூன்று படுக்கையறைக்கும் தலா ஒரு ஐந்து ஸ்டார் ஸ்பிளிட். பில் கணக்கில் ஜெயிப்பது இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சுவரில் பெட்டி, பக்கச் சந்தில் நாலு அவுட்டோர். வீட்டுக்காரர்கள் ஒப்பவில்லை.

மூன்றாவது மினி வி.ஆர்.எஃப்., ஒரே அவுட்டோரிலிருந்து பல இண்டோருக்குத் தேவைக்கேற்ப கேஸ் அனுப்பும் வகை. மொட்டை மாடியில் ஒரே அவுட்டோர், ஒவ்வொரு அறையிலும் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரு ஸ்லிம் டக்ட் யூனிட், அறைக்கு ஒரு ரிமோட். இதை எடுத்தோம். 4 ஹெச்.பி. அவுட்டோர், 11.2 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ், ஆர்-410ஏ கேஸ். ஹாலுக்கு 5.6, பெரிய அறைக்கு 2.8, மற்ற இரண்டுக்கும் தலா 2.2 கிலோவாட் இண்டோர். சேர்த்து 12.8, அவுட்டோரின் 114 சதவீதம். இந்த வகை மெஷின்கள் 130 வரை ஏற்கும். எல்லா அறையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை என்பதால் இது பிரச்சினை இல்லை.

கடையில் கேட்க வேண்டியது பிராண்டு அல்ல, கையேட்டில் இரண்டு விவரம். ஒன்று, கெபாசிட்டி டேபிள் (எந்த வெப்பத்தில் எவ்வளவு குளிர்ச்சி என்ற அட்டவணை). பெயர்ப்பலகையில் இருக்கும் 11.2 என்பது வெளியே 35 டிகிரியில் அளந்தது. மே மாத மொட்டை மாடியில் அவுட்டோர் உறிஞ்சும் காற்று 40-ஐத் தாண்டும், அப்போது குளிர்ச்சி குறையும். ஒன்பது கிலோவாட் லோடுக்கு அந்த வரியிலும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, மிகச் சிறிய இண்டோர் ஒன்று மட்டும் ஓடும்போது கம்ப்ரசர் எவ்வளவு கீழே இறங்கும், அப்போது எத்தனை வாட் இழுக்கும். இரண்டு விற்பனையாளர்கள் "இன்வெர்ட்டர்தானே சார், தானா குறைஞ்சுடும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்ணைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்காதது இந்த வேலையின் பெரிய தவறு. மீட்டர் பகுதியில் அதன் விலை தெரியும்.

காப்பர், கேஸ்

மெயின் லைன் லிக்விட் குழாய் 9.5, கேஸ் குழாய் 15.9 மி.மீ., 14 மீட்டர். கிளைகள் 6.4 / 12.7 மி.மீ., சேர்த்து 22 மீட்டர். மெயின் லைனைக் கிளைகளாகப் பிரிக்கும் ஒய் ஜாயின்டை மட்டமாகவோ நேர் செங்குத்தாகவோதான் வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் கேஸ் ஒரு பக்கம் அதிகம் போகும். பிரேஸிங் (குழாய் மூட்டைச் சூடாக்கிப் பற்றவைப்பது) செய்யும் நேரம் முழுக்க உள்ளே மெல்லிசாக நைட்ரஜன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் உட்பக்கம் கரி படிந்து, அது பின்னால் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். இன்சுலேஷன் கொட்டேஷனில் 13 மி.மீ. நைட்ரைல் (ரப்பர் ஃபோம்). கடற்கரை ஊரில் சீலிங்குக்கு மேல் ஓடும் சக்‌ஷன் லைனுக்கு (குளிர்ந்த கேஸ் திரும்பும் குழாய்) அது பத்தாது, வியர்த்து ஜிப்சத்தில் கறை இறங்கும். 19 மி.மீ. ஆக மாற்றப்பட்டது.

பிரஷர் டெஸ்டில் ஒரு நாள் போனது. கையேடு கேட்டது 40 பார், அதாவது 580 பி.எஸ்.ஐ. மெக்கானிக் பழைய ஆர்-22 கேஸ் காலத்துப் பழக்கத்தில் 400-இல் நிறுத்தினார். சாயங்காலம் 34 டிகிரியில் 400. காலையில் 27 டிகிரியில் 378. "ராத்திரி குளிர்ச்சிக்கு இறங்கத்தான் செய்யும்" என்றார். பாதி உண்மை. ஏழு டிகிரி குறைந்தால் கணக்குப்படி 390 அல்லது 391 இருக்க வேண்டும். மீதி 12 பி.எஸ்.ஐ. எங்கோ போயிருக்கிறது. சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்ததில் 140 சதுர அடி அறையின் 12.7 மி.மீ. ஃபிளேரில் (குழாய் வாயை விரித்து நட்டு போட்டு இறுக்கும் இணைப்பு) குமிழ். கை பலத்தில் அளவுக்கு மீறி முறுக்கி ஃபிளேர் வாய் பிளந்திருந்தது. வெட்டி, புது ஃபிளேர் அடித்து, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 55 நியூட்டன் மீட்டர். அதன் பிறகு 40 பாரில் 24 மணி நேரம், வெப்பநிலை திருத்தம் போக முள் அசையவில்லை.

குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த வேக்குவம் 500 மைக்ரானுக்குக் (மிச்ச அழுத்தத்தின் அளவு) கீழ், பம்ப்பை நிறுத்தி ஒரு மணி நேரம் பார்த்தது. "அரை மணி ஓட்டினேன்" என்பது வேக்குவம் கணக்கில் சேராது; மைக்ரான் கேஜ் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பலாம்.

கூடுதல் கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்ற வேண்டும். அந்த மெஷின் கையேட்டின்படி 9.5 மி.மீ. லிக்விட் லைன் மீட்டருக்கு 0.059 கிலோ, 6.4 மி.மீ.-க்கு 0.022. பதினாலு மீட்டருக்கு 0.83, இருபத்திரண்டு மீட்டருக்கு 0.48, ஆக 1.31 கிலோ. இன்வெர்ட்டர் மெஷினில் பிரஷர் முள்ளைப் பார்த்துக் கேஸ் ஏற்றினால் கம்ப்ரசர் வேகம் மாறும்போதெல்லாம் முள்ளும் மாறும், ஒருபோதும் சரியாக வராது.

காற்று போகும் வழி, திரும்பும் வழி

நேரம் அதிகம் தின்ற பகுதி இது. ஹால் யூனிட்டுக்கு 5.6 கிலோவாட், 1.6 டன். சாதாரணமாக டன்னுக்கு 400 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்று) வைப்பார்கள்; ஈரம் அதிகம் உள்ள ஊரில் 350 நல்லது, காற்று மெதுவாகக் கடந்தால் காயில் ஈரம் அதிகம் பிடிபடும். ஆக 550 சி.எஃப்.எம். டக்டில் நிமிஷத்துக்கு 600 அடி வேகம் என்று வைத்தால் 132 சதுர அங்குலம் வேண்டும். 16 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரம் சரியாக வந்தது. 24 கேஜ் ஜி.ஐ. தகடு, மேலே 13 மி.மீ. நைட்ரைல், மூட்டுகளில் சீலன்ட்.

ஓட்டிப் பார்த்த முதல் நாள் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. ரிட்டர்ன் கிரில்லை (அறைக்காற்று மெஷினுக்குத் திரும்பும் வாய்) ஆசாரி 24-க்கு 8 அங்குலம் வெட்டியிருந்தார், பார்க்க அழகாக இருக்கும் என்று. 192 சதுர அங்குலத்தில் கிரில் தகடுகள் போக காற்றுக்கு மிஞ்சும் இடம் எழுபது சதவீதம். 550 சி.எஃப்.எம். அதற்குள் நுழைய நிமிஷத்துக்கு 590 அடி வேகம் எடுக்கும். வீட்டில் 300-ஐத் தாண்டினால் காதுக்குத் தெரியும். 36-க்கு 12 ஆக மாற்றியதும் இரைச்சல் நின்றது. வெட்டிய ஜிப்சம், புது ஃபிரேம், பெயின்ட் என்று செலவு தனி.

இரைச்சல் நின்றும் குளிர்ச்சி போதவில்லை. மே முதல் வாரம் மாலை ஆறு மணிக்கு ஹால் 26-க்குக் கீழ் இறங்க மறுத்தது. கிரில் வாயில் காற்று 26.0, காயிலுக்கு முன்னால் தெர்மாமீட்டர் முனையைச் செருகினால் 28.4. நடுவில் இருந்த மூன்றடியில் 2.4 டிகிரி எப்படி ஏறும்? ரிட்டர்னுக்கு டக்ட் போடாமல், ஃபால்ஸ் சீலிங்குக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தையே வழியாக விட்டிருந்தார்கள். செலவு மிச்சம் என்று பலரும் செய்வது. அந்த வெற்றிடத்தில் தளத்தின் சூடு இருக்கிறது. மாடிப்படிச் சுவரில் வயர் போக உடைத்த ஓட்டை அடைக்கப்படாமல் இருந்தது; அது வழியாக வெளிக்காற்றும் ஈரமும் உறிஞ்சப்பட்டுக்கொண்டிருந்தது. 550 சி.எஃப்.எம். காற்றில் 2.4 டிகிரி என்றால் முக்கால் கிலோவாட். 5.6 கிலோவாட் யூனிட்டில் எட்டில் ஒரு பங்கைவிட அதிகம், அறைக்குள் வருமுன்பே தீர்ந்துவிடுகிறது. எந்த ஸ்டாரும் இதைக் காட்டாது.

கிரில்லிலிருந்து யூனிட் வாய் வரை ஜி.ஐ. பெட்டி செய்து, நைட்ரைல் ஒட்டி, நாலு பக்கமும் சீல் செய்தோம். சுவர் ஓட்டையை சிமென்ட் வைத்து அடைத்தோம். மறுநாள் அதே நேரம் கிரில்லில் 25.6, காயில் முன்னால் 25.9. மற்ற மூன்று அறைகளிலும் இதே பெட்டி போடப்பட்டது.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதே இல்லை. ஸ்லிம் டக்ட் யூனிட்டின் ஃபேன் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மிகக் குறைந்த ஸ்டாட்டிக் பிரஷருக்கு (காற்றை டக்டில் தள்ளும் அழுத்தம்) வைக்கப்பட்டிருக்கும். இந்த யூனிட்டில் 10 பாஸ்கல். நாலு மீட்டர் டக்ட், இரண்டு டிஃப்யூசர், ஃபில்டர் எல்லாம் சேர்ந்தால் அது போதாது. காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டரில் 410 சி.எஃப்.எம்.தான் வந்தது. வயர்ட் ரிமோட்டின் செட்டிங்கில் 30 பாஸ்கலுக்கு மாற்றியதும் 540. ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் "மெஷின் கூலிங் பத்தலை, டன் கூட்டணும்" என்று முடிவெடுத்த வீடுகள் எத்தனையோ.

டிரெயினில் ஒரே ஒரு சிக்கல். நாலு யூனிட்டின் டிரெயினையும் 25 மி.மீ. பி.வி.சி. ஒன்றில் சேர்த்துக் குளியலறைக் கழிவுக் குழாயில் நேராக விட்டிருந்தார்கள். இரண்டு நாள் ஏசி போடாமல் திறந்தால் ஹாலில் சாக்கடை வாடை. இப்போது டிரெயின் தனியாக வெளியே இறங்கி வாழை மரத்தடியில் விழுகிறது. உச்ச நேரத்தில் மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வருகிறது.

மீட்டர் சொன்னது

அவுட்டோர் லைனில் சிங்கிள் ஃபேஸ் சப்-மீட்டர், 1,800 ரூபாய். மே மாதத்தின் மோசமான மாலையில் நாலு அறையும் ஓடும்போது கண்ட உச்சம் 2.9 கிலோவாட். எட்டரை டன் மெஷின் ஆன் ஆனதுமே இழுப்பதில் இது மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ். உள்ளே 25 டிகிரி, ஈரம் 54-லிருந்து 58 சதவீதம்.

ராத்திரிக் கணக்கு, பத்து மணி முதல் ஆறு மணி வரை, 25 டிகிரியில்: மூன்று படுக்கையறையும் ஓடினால் 7.1 யூனிட். இரண்டு ஓடினால் 5.9. ஒன்று மட்டும் என்றால் 4.6. அதாவது முதல் அறைக்கு 4.6, அடுத்ததற்கு 1.3, மூன்றாவதற்கு 1.2. ஒரே அறை ஓடும்போது கம்ப்ரசர் தன் குறைந்தபட்ச வேகத்துக்கும் கீழ் இறங்க முடியாமல் நின்று நின்று ஓடுவதை கிளாம்ப் மீட்டரில் பார்க்கலாம். எட்டு நிமிஷம் ஓட்டம், ஐந்தாறு நிமிஷம் நிறுத்தம்.

கீழ்த் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு டன் ஐந்து ஸ்டார் ஸ்பிளிட் அதே எட்டு மணி நேரத்துக்கு 3 யூனிட் எடுத்தது. அந்த அறைக்கு மேல் வெயில் இல்லை, ஆகவே ஒப்பீடு கறாரானது அல்ல. இருந்தாலும் 1.6 யூனிட் வித்தியாசம், அறுபது ராத்திரிக்கு 96 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி இரண்டு மாத பில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் மேலே ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் 11.80 ரூபாய், 96 யூனிட்டுக்கு 1,133 ரூபாய். கடையில் கேட்காமல் விட்ட அந்த எண்ணின் விலை இது.

செலவு

மொட்டை மாடி 1,150 சதுர அடி, அடிக்கு 190 ரூபாய் வீதம் 2,18,500. வெளிப் பிளைண்டு 16,800. அவுட்டோரும் நாலு இண்டோரும் 3,35,000. காப்பர், ஒய் ஜாயின்ட், இன்சுலேஷன் 62,000. டக்ட், கிரில், டிஃப்யூசர் 58,000. கூலி, நைட்ரஜன், வேக்குவம், கேஸ் 45,000. வயரிங், 32 ஆம்பியர் பிரேக்கர், எர்த் 21,000. சப்-மீட்டர் 1,800. தவறைத் திருத்திய செலவு, கிரில் மாற்றமும் ரிட்டர்ன் பெட்டியும், 14,500. மொத்தம் 7,72,600, ஃபால்ஸ் சீலிங் தனி. பழைய கொட்டேஷனை வைத்து ஒப்பிடுபவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: ஏசிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

அடுத்த வீட்டில்

ஹாலுக்கு ஒரு சின்ன அவுட்டோர், படுக்கையறைகளுக்கு இன்னொன்று. ஒரே பெரிய அவுட்டோரைவிட இரண்டு சின்னது ராத்திரியில் குறைவாக இழுக்கும், ஒன்று கெட்டாலும் வீட்டில் ஒரு பக்கமாவது ஓடும். தினமும் தனியாக ஏசி போட்டுத் தூங்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் அறைக்கு மட்டும் ஸ்பிளிட். சுவரில் ஒரு பெட்டி தெரிந்தால் தெரியட்டும்.

ரிட்டர்ன் பெட்டியும் கிரில் அளவும் ஆசாரி வருவதற்கு முன் வரைபடத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கப்படும். சர்வீஸ் கதவு ஒவ்வொரு யூனிட்டுக்கும் 24-க்கு 24 அங்குலம். இந்த வீட்டில் 120 சதுர அடி அறையில் 18-க்கு 18 விட்டதால், ஃபேன் மோட்டாரைக் கழற்ற ஒரு நாள் வந்தால் ஜிப்சத்தை வெட்ட வேண்டியிருக்கும். அவுட்டோர் ஸ்டாண்டு ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடியாக உயர்த்தப்படும், மதியத் தளத்தின் சூட்டுக் காற்று குறைவாக ஏறும்.

அந்தச் சின்ன அறையில் ஒரு ஈரமானியை விட்டு வைத்திருக்கிறோம். வெளியே 26 டிகிரியும் நசநசவென்ற மழையும் இருக்கும் நவம்பரில், லோடு இன்னும் குறையும்போது, 2.2 கிலோவாட் யூனிட் ஈரத்தை 60-க்குக் கீழ் பிடிக்குமா என்று அப்போதுதான் தெரியும்.